ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆட்டம்

தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், தமிழ்மாறன் வேலை பார்க்கும் கம்பெனி இருக்கிறது. லிஃப்ட் உண்டு என்று கீழே போர்டு மாட்டியிருப்பார்கள். நம்பி நிற்காதீர்கள், படியேறித்தான் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து, தினமும் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல், "தயவுசெய்து பொறுமையாக இருங்கள்" என்று பதில் அனுப்புவது அவனுக்கு உத்தியோகம். வயது நாற்பத்தொன்று. இதற்கு முன்னால் ஒரு போன் கம்பெனி, அதற்கு முன்னால் கேபிள் டிவி. எல்லா இடத்திலும் இதே வாக்கியம்தான்.

இந்தக் கம்பெனி ஒரு தாய விளையாட்டு நடத்துகிறது. பொன்தாயம் என்று பெயர். போனில் இரண்டு கட்டையை உருட்டுவது, தாயம் விழுந்தால் காய் இறங்குவது, எதிராளியின் காயை வெட்டுவது, சுற்றி வந்து பழம் ஏறுவது, எல்லாம் நம் வீடுகளில் ஆடியதுதான். ஒன்றே ஒன்றுதான் புதுசு. வீட்டு ஆட்டத்தில் யாரும் பார்க்காதபோது கட்டையைத் திருப்பி வைக்கும் ஒரு அத்தை இருப்பாள் இல்லையா, அவளுக்கு இங்கே வேலை கிடையாது. ஒவ்வொரு உருட்டும் பிளாக்செயினில் பதிவாகும். அதாவது, மயிலாப்பூரில் ஒருத்தர் உருட்டினால், அது எந்தெந்த தேசத்திலோ இருக்கும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் போய், அவையெல்லாம் "ஆமாம், மூணுதான் விழுந்தது" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் இங்கே காய் நகரும். பதிந்தது பதிந்ததுதான். யாரும் அழிக்க முடியாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களில் பதிவாகக் காத்திருக்கும் வரிசையில் நம்மூர் தாயக்கட்டை மட்டுமா நிற்கிறது? எங்கேயோ ஒருவன் லட்சக்கணக்கில் விலை பேசி ஒரு குரங்குப் பொம்மைப் படத்தை இன்னொருவனுக்குக் கைமாற்றுவான், அதுவும் அதே வரிசையில் வந்து நிற்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் இங்கே விழுந்தது ஐந்தா ஆறா என்று தெரிய ஒரு நிமிஷம் ஆகும், இரண்டு நிமிஷமும் ஆகும். திரையில் கட்டை சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே "உறுதியாகிறது" என்று ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர்களுக்கு வயிறு எரியாதா? எழுதித் தள்ளுவார்கள். "சைதாப்பேட்டைல பஸ்ல உருட்னேன், பாரிஸ் கார்னர் வந்துட்டேன், கட்டை இன்னும் நிக்கல" என்று ஒருவர் எழுதினார். தமிழ்மாறன் அவருக்கும் அதே பதிலைத்தான் அனுப்பினான்.

அவன் குடும்பம் கலைந்ததும் இந்த வரிசையால்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? முழுக்க அதனால் என்று நான் சொல்ல மாட்டேன். மனிதன் செய்ததற்கு மெஷின் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மகள் கயலைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் போனான். அவளுக்கு அப்போது எட்டு வயது. தெற்கு மாட வீதியில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். அன்றைக்குப் பார்த்து ஆட்டத்தின் நெட்வொர்க் ஒரேயடியாக நின்று போனது. கம்பெனியிலிருந்து போன் மேல் போன். மகளைப் பிடித்திருந்த கையை ஒரு நிமிஷம் எடுத்து, இரண்டு கட்டை விரலாலும் பதில் அடித்தான். நாலு பேருக்கு அடித்தான். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். கயல் இல்லை.

மூன்று மணி நேரம். அதைப் பற்றி எழுத எனக்கே கை வரவில்லை. கடைசியில் போலீஸ் பந்தலில் இருந்தாள். யாரோ கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் அப்பா நம்பர் கேட்டதற்கு, "அப்பா எடுக்க மாட்டாரு, அம்மா நம்பர் தரேன்" என்றாளாம். மனைவி செண்பகம் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நேராக அடையாற்றில் தம்பி வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. சண்டைகூடப் போடவில்லை. அந்த 'எடுக்க மாட்டாரு' அவளுக்குப் போதுமாக இருந்தது.

அதன் பிறகு தமிழ்மாறன் ராயப்பேட்டையில் ஒரு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். அழவில்லை. குடிக்கவும் போகவில்லை. மரத்துப்போய்விட்டான், அவ்வளவுதான். காலையில் டீக்கடையில் டம்ளரைக் கையில் கொடுத்தால் சூடு உறைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பான். மெஸ்ஸில் உப்பில்லாத சாம்பாரை ஊற்றிய அன்றைக்கு எல்லாரும் சத்தம் போட்டார்கள். இவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தான். ஆபீசில் பக்கத்து மேஜை நூர் முஹம்மது ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான். "இன்னாபா நீ, உன்னத் திட்டுனாலும் அதே மூஞ்சி, கேக் ஊட்டுனாலும் அதே மூஞ்சி. உள்ள எதுனா ஓடிக்கினு கீதா இல்லியா?"

"தெரியல நூரு," என்றான் தமிழ்மாறன். பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பிரிவுக்கான பேச்சு நடந்தபோது, நடுவில் உட்கார்ந்து பேசிய அம்மாள், பிள்ளைக்கு அப்பா வேண்டாமா என்று கேட்டார். செண்பகம் யோசித்துத்தான் சொன்னாள். வெளியே கூட்டிப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் பேசட்டும். ஆனால் போனில் பேச கயலுக்கு ஒன்றுமே இல்லை. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "ஸ்கூல் எப்டி?" "ம்." அதோடு சரி. ஒரு மாசம் இப்படியே போனது. அப்புறம் கயல்தான், "அப்பா கம்பெனி கேம் ஆடலாமா?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். செண்பகம் தமிழ்மாறனிடம் சொன்னாள்.

"ஒரு ஆட்டம். வாரத்துக்கு ஒண்ணு. ஆட்டம் முடிஞ்சா போனை வச்சிடணும். இன்னொன்னு, இன்னும் கொஞ்சம்னு இழுக்கக் கூடாது."

"சரி," என்றான்.

செண்பகம் நினைத்தது பத்து நிமிஷ ஆட்டம். பாவம், அவளுக்கு நெட்வொர்க்கைப் பற்றி என்ன தெரியும்? ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி என்றால் ஐரோப்பாவில் பகல், அமெரிக்காக்காரன் அப்போதுதான் காபியோடு போனைக் கையில் எடுப்பான். வாரத்திலேயே வரிசை நீளமாக இருக்கும் நேரம் அதுதான். ஒரு ஆட்டத்துக்கு எப்படியும் எழுபது, எண்பது உருட்டு. முதல் ஞாயிறு ஆறு மணிக்கு ஆரம்பித்த ஆட்டம் எட்டு மணிக்குத்தான் முடிந்தது.

முதல் பத்து உருட்டுக்கு இருவரும் பேசாமல் சுற்றுகிற கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது. பதினோராவது உருட்டில் கயல் கேட்டாள்.

"இதுக்கு உங்கள யாரும் திட்ட மாட்டாங்களாப்பா?"

"தெனமும் திட்டுவாங்கம்மா."

"என்னன்னு?"

அந்தச் சைதாப்பேட்டைக்காரரின் கடிதத்தைப் படித்துக் காட்டினான். கயல் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்னால் நாலு விழுந்து காய் நகர்ந்தது.

அப்படித்தான் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் கட்டை சுற்றத் தொடங்கியதுமே, "இன்னிக்கு யாரு திட்டுனாங்க?" என்பாள். வாரம் முழுக்க வந்த புகாரில் நல்லதாக ஏழெட்டைத் தமிழ்மாறன் தனியாக எடுத்து வைப்பான். ஒருத்தர், தாயம் விழ வேண்டி அறையில் விளக்கேற்றி வைத்துவிட்டு உருட்டுகிறவர். இன்னொருவர், தன் இரண்டு போனில் தனக்கெதிராகத் தானே ஆடித் தோற்றுப்போய், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று எழுதுகிறவர். கயலும் சொல்வாள். ஆய்வகத்தில் இருக்கும் எலும்புக்கூட்டுக்கு வகுப்பில் பெயர் வைத்தது, பக்கத்து பெஞ்சுப் பெண் பேசாமல் போனது, திரும்பப் பேசியது. நேரில் உட்கார வைத்துக் கேட்டால் ஒரு பிள்ளை இதெல்லாம் சொல்லுமா? கண்ணைக் கட்டைமேல் வைத்துக்கொண்டு, வேறு வேலை இல்லாததால் பேசுகிற பேச்சு அது. அதில் பயமே இருக்காது.

ஒரு ஞாயிறு, கயல் உருட்டிய கட்டை இரண்டு நிமிஷத்துக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று கேட்டாள்.

"அன்னிக்கு ஏன்பா கைய விட்ட?"

தமிழ்மாறன் சுவரைப் பார்த்தான். "ஒருத்தருக்குப் பதில் அடிச்சிக்கிட்டு இருந்தேன்மா."

"என்ன பதில்?"

"பொறுமையா இருங்கன்னு."

"நானும் பொறுமையாத்தான்பா நின்னேன்," என்றாள். "அழவே இல்ல."

"தப்பு என்னோடதும்மா."

"ம்," என்றாள். கட்டை நின்றது, ஆறு. அவள் காயை நகர்த்தி அவன் காயை வெட்டினாள். அன்றிரவு அவன் உப்பு போட்டுச் சாப்பிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாள் மரக்கட்டையாகக் கிடந்தவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் மட்டும் உயிர் இருந்தது. வேறு எதுவும் அவனுக்கு இல்லை. அதுவும் எதிலிருந்து வந்தது பாருங்கள், ஊரெல்லாம் சபிக்கிற ஒரு தாமதத்திலிருந்து.

செண்பகத்துக்கு எரிச்சல்தான். "என்ன ஆட்டம் இது, அனுமார் வால் மாதிரி?" என்று பின்னால் குரல் கேட்கும். ஆனாலும் ஒரு ஆட்டம் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள், நடுவில் பிடுங்கியதில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது தமிழ்மாறன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதைக்கு வருகிறேன். மாசா மாசம் புகார்களைத் தொகுத்து மேலே அனுப்புவது அவன் பொறுப்பு. மற்றவர்களாக இருந்தால் நாலு வரியில் ஒப்பேற்றியிருப்பார்கள். இவன் அப்படிச் செய்யத் தெரியாதவன். எந்த நேரத்தில் எத்தனை விநாடி தாமதம், எத்தனை பேர் பாதி ஆட்டத்தில் விட்டுப் போனார்கள், எல்லாம் அட்டவணை போட்டு, வார்த்தை மாறாமல் புகாரை இணைத்து, பத்து மாசம் அனுப்பினான். ஞாயிறு சாயங்காலம்தான் மோசம் என்று சிவப்பில் வேறு காட்டியிருந்தான். அது தன் ஞாயிறு என்று அவனுக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை. வேலை வேறு, வாழ்க்கை வேறு என்று மரத்துப்போன புத்தி பிரித்து வைத்திருந்தது.

தொழில்நுட்பம் பார்க்கும் சுஹாஸ் ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான். சின்ன வயசு, கெட்டிக்காரன். திரையில் தமிழ்மாறனின் அட்டவணை.

"மாறன் சார் ரிப்போர்ட்தான் மேனேஜ்மெண்ட்ட அசைச்சது," என்றான். "இனிமே பொது வரிசை இல்ல. நம்ம விளையாட்டுக்குன்னு தனி நெட்வொர்க். ரோட்ல பஸ்ஸுக்குத் தனி லேன் போட்ட மாதிரி. ஒரு உருட்டு அரை விநாடி. வர்ற வெள்ளிக்கிழமை மாறிடும்."

எல்லாரும் கை தட்டினார்கள். தமிழ்மாறனும் தட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதே மனசு கணக்குப் போட்டது. எண்பது உருட்டு, அரை விநாடி. கை நின்றுவிட்டது.

"இன்னாபா, முகத்துல ஈயாடல," என்றான் நூர். "உன்னாலதான் நடக்குது, சிரி."

வெளியே படிக்கட்டில் வைத்து சுஹாஸிடம் கேட்டான். "யாராவது வேணும்னா, அவங்களுக்கு மட்டும் பழசுலயே ஆட முடியாதா?"

"பழசுலயா? யாரு சார் கேப்பாங்க?" சுஹாஸ் சிரித்துவிட்டுப் படியிறங்கினான்.

தாமதமாகத் தானே உருட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நூரும் அதைத்தான் கேட்டான். "உன் டர்ன் வந்தா கம்முனு குந்திக்கோ. எவன் கேக்கப் போறான்?" நியாயமான யோசனை. ஆனால் இது அழிக்க முடியாத பதிவு. எந்த விநாடியில் யார் உருட்டினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். செண்பகத்தின் தம்பி சாஃப்ட்வேர்க்காரன், ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும். இழுக்கக் கூடாது என்பது நிபந்தனை. நெட்வொர்க் இழுத்தால் அது விதி, அவன் இழுத்தால் அது ஏமாற்று. இருக்கிற ஒரு ஆட்டமும் போய்விடும் என்று பயந்தான்.

அதனால் நேராகச் செண்பகத்துக்கே போன் செய்தான். ஆட்டக் கணக்கை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எழுதி வைத்துக்கொண்டு படிப்பது போலத்தான் கேட்டான்; அவனுக்கு வேறு மாதிரி கேட்க வரவில்லை.

"ஒரு வருஷமா ரெண்டு ரெண்டு மணி நேரம் ஓடிச்சு. நான் வாயத் திறந்தேனா?" என்றாள் செண்பகம். "நான் பேச்சை மாத்தல. நீங்களும் மாத்தாதீங்க."

"சரி," என்றான்.

மாறிய பின் வந்த முதல் ஞாயிறு ஒன்பது நிமிஷம். உருட்டியதும் கட்டை நின்றது, நின்றதும் காய் ஓடியது. "ஐ, செம ஃபாஸ்ட்பா," என்றாள் கயல். எலும்புக்கூடு பற்றி ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது, அதற்குள் அவன் முறை, அதற்குள் அவன் கடைசிக் காய் பழம் ஏறிவிட்டது. திரையில் பட்டாசு வெடித்தது. "முடிஞ்சிடுச்சேப்பா," என்றாள். பின்னால் செண்பகம், "வச்சிட்டு வா" என்றாள். மணி ஆறு ஒன்பது. தமிழ்மாறன் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். வருத்தமாக இருந்ததா என்றால் அதுகூட இல்லை. பல் பிடுங்கியபின் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது.

அடுத்த ஞாயிறு ஏழே நிமிஷம். "இன்னிக்கு யாரு திட்டுனாங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தான். "இப்ப யாரும் திட்டறதில்லம்மா." ஆபீசில் உண்மையாகவே வேலை குறைந்துவிட்டது. அஞ்சு நட்சத்திரம் கொட்டுகிறது, ஆட வருகிறவர்கள் இரட்டிப்பு. கேக் வெட்டினார்கள். அவன் பெயரைச் சொல்லி முதல் துண்டை அவன் வாயில் வைத்தார்கள். இனிப்பு தெரியவில்லை, மென்று விழுங்கினான். இனிமேல் கயலுக்கு இதுவும் சலித்துவிடும், நாலு வாரத்தில் 'பரீட்சைப்பா' என்பாள், அப்புறம் நின்றுவிடும். அவனுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் அசையவில்லை உள்ளே.

மூன்றாவது ஞாயிறு. ஆறு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. இருவருக்கும் முதல் உருட்டிலேயே தாயம் விழுந்து தொலைத்தது. காய்கள் பறந்தன. நாலாவது நிமிஷத்திலேயே கயலின் மூன்று காய் பழம் ஏறிவிட்டது. கடைசிக் காய்க்கு இரண்டு கட்டம்தான் பாக்கி. அவள் முறை.

கட்டை சுற்றவில்லை.

தமிழ்மாறன் காத்திருந்தான். ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று. தொழில் புத்தி விடுமா? போனில் பேச்சைத் துண்டிக்காமல் கம்பெனியின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்தான். எல்லாம் பச்சை. ஒரு உருட்டு அரை விநாடிக்கும் குறைவு. தாமதம் ஏதுமில்லை.

"கயல், மாட்டிக்கிச்சாம்மா?"

"இல்லப்பா."

"கட்டையத் தொட்டுப் பாரு. சுத்தலன்னா ஒருக்கா வெளிய வந்துட்டு..."

"நான் உருட்டலப்பா."

அவனுக்குப் புரியவில்லை. "ஏம்மா? ரெண்டு விழுந்தா நீ ஜெயிச்சிடுவ."

"அதான் உருட்டல," என்றாள் கயல். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எத்தன நேரம் உருட்டாம இருக்கலாம்பா?"

அது அவன் தினமும் சொல்லும் பதில்தான். "இருபத்தி நாலு மணி நேரம்," என்றான்.

பின்னால் காலடிச் சத்தம். "என்னடி, ஏழு நிமிஷத்துல முடியுமே, இன்னும் என்ன?" செண்பகத்தின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"நெட்வொர்க் ஸ்லோம்மா," என்றாள் கயல்.

இப்போது செண்பகம் போனை எட்டிப் பார்ப்பாள். 'உங்கள் முறை, உருட்டவும்' என்று பெரிய எழுத்தில் திரையில் இருக்கும். அதை எழுதிக் கொடுத்தவனே அவன்தான். எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும். போயிற்று, இந்த ஒரு ஆட்டமும் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தப் பக்கம் செண்பகத்தின் மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது; குனிந்து திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு, "சரி, முடிஞ்சப்புறம் சாப்பிட வா," என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தமிழ்மாறன் அழுதான். வாயைப் பொத்தியும் அழுகை நிற்கவில்லை, வயிற்றிலிருந்து வந்தது. இரண்டு வருஷமாக எங்கே இருந்ததோ எல்லாம் வந்தது, வலித்தது, நன்றாக வலித்தது.

"அப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்மா."

"அப்போ பேசு."